யாங்கூனில் இறங்கியது, சகாயிங்குக்குப் போனதா?

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை நண்பகல் கடந்து மியான்மரை 7.7 அளவிலான நிலநடுக்கம் உலுக்கியது. மறுநாளே இந்திய விமானப்படையின் சி-130ஜே விமானம் 15 டன் பொருளோடு யாங்கூனில் இறங்கியது. கூடாரம், உறங்கு பை, போர்வை, சாப்பாட்டுப் பொட்டலம், நீர் சுத்திகரிப்பான், சோலார் விளக்கு, ஜெனரேட்டர், மருந்து. யாங்கூன் பிராந்திய முதல்வரிடம் தூதர் அவற்றை ஒப்படைக்கும் படம் வந்தது. நம்மூர்ச் செய்திகளில் ஒரே வரி: நிவாரணப் பொருட்கள் மியான்மரைச் சென்றடைந்தன. இந்த வரியில்தான் எனக்குச் சிக்கல். யாங்கூனில் பெரிய சேதம் ஏதும் இல்லை. இடிந்து கிடந்தது அங்கிருந்து 600 கிலோமீட்டர் வடக்கே மாண்டலே. அதைவிட மோசமாக, ஐராவதி ஆற்றுக்கு அக்கரையில் சகாயிங். நடுவில் இருப்பது தூரம் மட்டும் என்றால் டீசல் ஊற்றிக் கடந்துவிடலாம். 2021-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து, ராணுவமும் அதை எதிர்க்கும் கிளர்ச்சிப் படைகளும் யார் கையில் எந்தச் சாலை என்று அடித்துக்கொள்ளும் ஒரு போர் நடுவில் இருக்கிறது.

இந்தியாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இந்திய ராணுவத்தின் கள மருத்துவமனை மாண்டலேயிலேயே கூடாரம் போட்டு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பார்த்தது. ஐஎன்எஸ் கரியால் கப்பல் விசாகப்பட்டினத்திலிருந்து 442 டன் உணவுப் பொருளைத் திலாவா துறைமுகத்துக்குக் கொண்டுபோனது. இதெல்லாம் உண்மையான வேலை. எந்த நாடு அனுப்பினாலும் நாம் எண்ணுவது டன்னை, அதுவும் இறங்குமிடத்தில். வாங்கியவர் யார் என்ற எண்ணிக்கை பெரும்பாலும் வருவதே இல்லை. வராததற்குக் காரணம் சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடக் கூடாது. கணக்கு சொல்லத் தொடங்கினால் எந்தச் சாலை, யாருடைய அனுமதி, எந்தச் சோதனைச் சாவடி என்று எல்லாவற்றையும் சொல்ல வேண்டிவரும். சொன்னால் அடுத்த லாரி போகாது.

முதலில் ஆறு. சகாயிங்கையும் மாண்டலே பக்கத்தையும் இணைத்த பழைய இன்வா பாலம், வெள்ளைக்காரர்கள் 1934-இல் கட்டியது, அன்று ஆற்றில் விழுந்தது. பக்கத்திலேயே புதிய யாடனாபோன் பாலம் தப்பியது. ஆக, நில அதிர்வின் மையத்தை ஒட்டிய ஒரு நகரத்துக்குப் போக ஒரே பாலம். அதன் இரு முனையிலும் ராணுவச் சோதனை. யாங்கூன்–மாண்டலே விரைவுச் சாலை பிளந்து கிடந்ததால் எட்டு மணி நேரப் பயணம் பதின்மூன்று மணி நேரம் பிடித்தது. இடிபாட்டில் சிக்கியவர்களுக்கு 72 மணி நேரம்தான் பெரிய கெடு என்று மீட்புப் பணியில் சொல்வார்கள். மாண்டலேயின் ஸ்கை வில்லா அடுக்குமாடியில் வெளிநாட்டுக் குழுக்கள் கருவிகளோடு தோண்டிக்கொண்டிருந்த நேரத்தில், சகாயிங்கில் சனங்கள் வெறுங்கையால் செங்கல்லை அகற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு

நிவாரணக் கணக்கு எடை சார்ந்தது. எடை வாகனத்தைத் தீர்மானிக்கும். வாகனம் சாலையைத் தீர்மானிக்கும். சாலை, யாரிடம் கையெழுத்து வாங்குவது என்பதைத் தீர்மானிக்கும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,100 கிலோகலோரி என்பது உலகெங்கும் வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு. அதை அரிசி 400 கிராம், பருப்பு 60 கிராம், எண்ணெய் 25 கிராம், உப்பு 5 கிராம் என்று பிரித்தால் அதில் பெரும்பகுதி வந்துவிடும். ஐந்து பேர் குடும்பத்துக்கு ஒரு மாதத்துக்கு அரிசி 60 கிலோ, பருப்பு 9 கிலோ, எண்ணெய் நாலு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, உப்பு முக்கால் கிலோ. மொத்தம் 73 கிலோவுக்கு மேல். ஆயிரம் குடும்பம் என்றால் 73 டன். பத்து டன் லாரி ஏழு போதாது, எட்டு வேண்டும். எட்டு லாரி வரிசையாகப் போனால் ரகசியம் ஏதுமில்லை. ஒவ்வொரு சாவடியிலும் நின்று, இறக்கிக் காட்டி, பட்டியலோடு ஒப்பிட்டு, ஏற்றி, ஏதாவது கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

தண்ணீரில்தான் இந்த எடைக் கணக்கின் அபத்தம் நன்றாகத் தெரியும். பேரிடர் என்றதும் எல்லோரும் பாட்டில் தண்ணீர் அனுப்புகிறார்கள். ஆளுக்கு மூன்று லிட்டர் குடிக்க என்று வைத்தாலும் ஒரு குடும்பத்துக்கு மாதம் 450 லிட்டர், அதாவது 450 கிலோ. அதே வேலையைக் குளோரின் மாத்திரை செய்யும். 67 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, தெளிந்த தண்ணீர் 20 லிட்டருக்குப் போதும். போட்டு அரை மணி நேரம் விட வேண்டும். நிலநடுக்கத்துக்குப் பின் கிணறு கலங்கியிருக்கும், ஆகவே லுங்கித் துணியை நாலாக மடித்து வடிகட்டி, இரண்டு மாத்திரை போட வேண்டும். நாளைக்கு ஒரு 20 லிட்டர் கேன் என்றால் மாதத்துக்கு அறுபது மாத்திரை, சட்டைப் பையில் அடங்கும். ஆனால் அட்டையில் வரிசையாக இருக்கும் மாத்திரை சாவடிச் சிப்பாய் கண்ணுக்கு மருந்து. மருந்து என்றால் காயம்பட்ட கிளர்ச்சியாளருக்குப் போகிறது என்று அர்த்தம். 450 கிலோ பாட்டிலை விடுவான், அறுபது மாத்திரையை நிறுத்துவான். ஆன்டிபயாடிக், தையல் ஊசி, ரத்தம் உறையவைக்கும் பஞ்சு, பேட்டரி, சோலார் தகடு, பூட்ஸ் எல்லாமே இந்தச் சந்தேகப் பட்டியலில் உண்டு. இதற்குப் பின்னால் ஒரு பழைய போர்முறை இருக்கிறது. எதிரிக்கு உணவு, பணம், தகவல், ஆள் நான்கையும் வெட்டு என்பது 1960-களிலிருந்து பர்மிய ராணுவம் எல்லைப்புறங்களில் கடைப்பிடித்து வரும் ‘நான்கு வெட்டு’. அந்தப் பாடம் படித்த சிப்பாயிடம் போய் மனிதாபிமானம் என்றால் அவன் காதில் எப்படி விழும்?

கையெழுத்து வாங்குவது

முறைப்படி போவதென்றால் முதலில் பதிவு. 2022 அக்டோபரில் ராணுவ அரசு கொண்டுவந்த அமைப்புகள் பதிவுச் சட்டப்படி, பதிவு செய்யாமல் இயங்கினால் சிறை. பிறகு சம்பந்தப்பட்ட அமைச்சகத்தோடு ஒப்பந்தம். பிறகு ஒவ்வொரு பயணத்துக்கும் பயண அனுமதி: யார், எந்த டவுன்ஷிப், எந்தத் தேதி, என்ன பொருள். வாரக்கணக்கில் ஆகும். கிடைத்த அனுமதி நிலைக்கும் என்பதற்கு உத்தரவாதமும் இல்லை. 2023 மே 14 அன்று மோக்கா புயல் ரக்கைன் மாநிலத்தைத் தாக்கியது. சித்வேயைச் சுற்றி முகாம்களில் இருந்த ரோஹிங்கியாக்களின் மூங்கில் குடிசைகள் அடியோடு போயின. நிவாரணம் சூடு பிடித்த நேரத்தில், ஜூன் 8 அன்று மாநிலம் முழுவதற்குமான பயண அனுமதியை நிறுத்திவைத்தார்கள். கிடங்கில் அரிசி, வெளியில் பசி.

முறைப்படி போகாமல், கிளர்ச்சியாளர் பகுதிக்கு அங்குள்ள நிர்வாகத்திடம் பேசிவிட்டுப் போகலாம். அப்போது 1908-ஆம் வருடத்துச் சட்டவிரோத அமைப்புகள் சட்டம் குறுக்கே நிற்கும். வெள்ளைக்காரன் வங்காளப் புரட்சிக்காரர்களை ஒடுக்கப் போட்ட சட்டத்தின் பர்மியப் பங்கு அது. 17(1) பிரிவின்படி தடை செய்யப்பட்ட அமைப்போடு தொடர்பு வைத்தாலே இரண்டிலிருந்து மூன்று வருடம் உள்ளே. ‘இந்த ஊரில் எத்தனை குடும்பம்?’ என்று ஊர்க் குழுவிடம் கேட்பதே தொடர்பு என்று ஆக்கிவிட முடியும். அந்தப் பக்கமும் சும்மா இருப்பதில்லை. அவர்களுக்கும் மனிதாபிமானத் துறை உண்டு, கடிதம் உண்டு, சாவடி உண்டு, வசூலும் உண்டு. பத்துக் கிலோமீட்டருக்குள் கையெழுத்து மாறும் சாலைகள் சகாயிங்கில் இருக்கின்றன.

ஒரு பக்கத்துக் கடிதம் மறு பக்கத்துச் சாவடியில் பிடிபட்டால் அதுவே குற்றச்சாட்டு. ஆகவே இடைப்பட்ட கிராமத்தில் மாற்றி ஏற்றுவார்கள். லாரி வந்து நிற்கும், மூட்டை இறங்கும், அந்த ஓட்டுநர் தன் காகிதங்களோடு திரும்பிப் போய்விடுவார். அக்கரையிலிருந்து வேறு ஆள், வேறு வண்டி, வேறு காகிதம். மூன்று சக்கர மோட்டார் வண்டியும் மாட்டு வண்டியும் படகும் அங்கிருந்து வேலை செய்யும். மோட்டார் சைக்கிளில் ஒரு மூட்டை, 50 கிலோ. மெதுவாகத்தான் நடக்கும், செலவும் கூடும், கொஞ்சம் சிந்தும். ஆனால் பறிபோனால் ஒரு மூட்டையோடு போகும். பத்து டன்னும் ஒரே சாவடியில் நிற்காது. இந்த மாற்றி ஏற்றும் இடத்தில்தான் மழை நனைப்பதும் எண்ணிக்கை குழம்புவதும் நடக்கிறது. தார்ப்பாயும் அடியில் போட மூங்கில் பலகையும் அங்கே இல்லையென்றால் அரிசி இரண்டே நாளில் புழுங்கிவிடும்.

ஒன்பது வண்டி

2025 ஏப்ரல் 1 இரவு. சீனச் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஒன்பது வண்டிகள் வடக்கு ஷான் மாநிலம் வழியாக மாண்டலேக்குப் போய்க்கொண்டிருந்தன. நவுங்சோ வட்டாரம், ராணுவத்தோடு போரிடும் தாங் இனத்தவரின் தாங் தேசிய விடுதலைப் படையின் கையில் அப்போது இருந்த பகுதி. அங்கே ராணுவத்தினர் சுட்டார்கள். யாருக்கும் அடிபடவில்லை. வண்டிகள் திரும்பின. இந்தப் பயணம் பற்றி ராணுவத்திடம் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது என்றது தாங் படை. எங்களுக்குத் தகவல் இல்லை, வண்டி நிற்கவில்லை, வானத்தை நோக்கித்தான் சுட்டோம் என்றது ராணுவம்.

இதை நான் பெரிய திருப்பமாகப் பார்க்கிறேன். சீனா அந்த ராணுவ அரசுக்கு எவ்வளவு வேண்டப்பட்ட நாடு என்பது எல்லோருக்கும் தெரியும். சீனக் கொடிக்கே அன்று வழி கிடைக்கவில்லை என்றால், ஊர்ப் பெயரில் நாலு பையன்கள் நடத்தும் குழுவுக்கு என்ன கிடைக்கும்? இரு தரப்பில் யார் பொய் சொன்னார்கள் என்று தேடுவதைவிட, இரண்டு பேருமே அவரவர் வரையில் உண்மை பேசியிருக்கவும் கூடும் என்று வைத்துக்கொண்டு பார்த்தால் வேலை எங்கே அறுந்தது என்பது புரியும். தலைநகரில் ஒருவர் கேட்டுக்கொண்டார். அது சாவடியில் இரவுக் காவலில் நிற்கும் சார்ஜெண்டுக்குப் போகவில்லை. இருட்டில் ஒன்பது ஜோடி விளக்கு வருகிறது. வருவது எதிரியின் பகுதியிலிருந்து. அவன் துப்பாக்கியைத்தான் எடுப்பான்.

ஆகவே இந்த வேலை தெரிந்தவர்கள் ‘தெரிவித்துவிட்டோம்’ என்பதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. வண்டி எண், ஓட்டுநர் பெயர், அடையாள அட்டை எண், பாதை, எந்த மணிக்குள் எந்த ஊரைக் கடப்போம், தொலைபேசி எண் எல்லாம் ஒரே தாளில் போகும். போனதற்குப் பதில் வர வேண்டும். அந்தப் பதில் பாதையில் உள்ள கடைசிக் காவல் நிலை வரை இறங்கியதா என்று, புறப்படும் காலையில் உள்ளூர் ஆள் ஒருவர் நேரில் போய்க் கேட்டு வர வேண்டும். காவல் மாறும் நேரத்தில் போகக் கூடாது, புது ஆளுக்குத் தெரியாது. இருட்டிய பின் நகரவே கூடாது. சாவடி கண்ணில் பட்டதும் தூரத்திலேயே எல்லா வண்டியும் நின்று, ஒருவர் மட்டும் கை தெரிய நடந்து போவார். மணி தவறிவிட்டால், பஞ்சர் என்றாலும் சரி, அன்றைக்கு அந்த ஊரிலேயே தங்கல். தங்குவதிலும் சிக்கல் உண்டு: ராத்திரி வீட்டில் தங்கும் விருந்தாளியை வார்டு நிர்வாகியிடம் பதிவு செய்ய வேண்டும் என்ற விதியை 2021-இல் ராணுவம் திரும்பவும் கொண்டுவந்தது. யார் வீட்டில் தங்கினார்கள் என்று எழுதிவைத்தால், நாளைக்கு அந்த வீட்டுக்காரர் பதில் சொல்ல வேண்டும்.

மறுநாள் இரவு, ஏப்ரல் 2, ராணுவம் 22-ஆம் தேதி வரை போர்நிறுத்தம் அறிவித்தது. அதற்கு முன்பே, ராணுவ ஆட்சியை எதிர்ப்பவர்கள் அமைத்த போட்டி அரசான தேசிய ஒற்றுமை அரசு தன் படைகளின் தாக்குதலை மார்ச் 30 முதல் இரண்டு வாரம் நிறுத்துவதாகச் சொல்லியிருந்தது. தாங் படையை உள்ளடக்கிய மூன்று சகோதரக் கூட்டணி ஒரு மாதம் என்றது. கேட்க நன்றாக இருக்கும். லாரிக்காரர் இடத்திலிருந்து பார்த்தால் மூன்று வேறு கெடு, மூன்று வேறு பகுதி, மூவருக்கும் ‘தற்காப்புக்காகச் சுடலாம்’ என்ற விதிவிலக்கு. கண்காணிக்க ஆளில்லை. ராணுவம் தன் போர்நிறுத்தத்தை மே 31 வரை நீட்டித்தது. நீட்டித்த காலத்துக்குள்ளேயே, மே 12 அன்று சகாயிங் பிராந்தியத்தின் தபாயின் வட்டாரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் மீது விமானம் குண்டு போட்டு, மாணவர்களும் ஆசிரியர்களுமாக இருபதுக்கு மேற்பட்டோர் செத்தார்கள். கூட்டம் கூட்டி, வரிசையில் நிற்கவைத்து, பேனர் கட்டி, படம் எடுத்து அரிசி கொடுக்கும் நம்மூர் முறை அங்கே ஏன் ஆபத்து என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. விடிவதற்குள், பத்து வீட்டுக்கு ஒருவர் என்று வந்து வாங்கிக்கொண்டு போவதுதான் வழக்கம்.

பணம் எங்கே கரைகிறது

பொருளைத் தூக்குவதற்குப் பதில் பணத்தை அனுப்பி, அங்கேயே வாங்கலாமே? வாங்கலாம், பெரும்பாலான உள்ளூர்க் குழுக்கள் கேட்பதும் அதைத்தான். மாண்டலேயிலும் மொனிவாவிலும் அரிசி மண்டிகள் இருந்தன. ஆனால் வங்கி வழியாகப் போனால் மியான்மர் மத்திய வங்கியின் அதிகாரபூர்வ விகிதம் டாலருக்கு 2,100 கியாட். 2025 தொடக்கத்தில் வெளிச்சந்தையில் ஏறக்குறைய 4,400. ஒரு லட்சம் டாலர் அனுப்பினால் சந்தையில் 44 கோடி கியாட் பெறுமானம். அதிகாரபூர்வ விகிதத்தில் கைக்கு வருவது 21 கோடி. பேரம் பேசி இடைப்பட்ட விகிதம் வாங்கும் நிறுவனங்கள் உண்டு, எல்லோருக்கும் அது கிடைக்காது. அந்த 23 கோடி யாரும் திருடியதாகக் கணக்கில் வராது. விகிதத்தில் போய்விடும். இது புதுசும் இல்லை. 2008 மே மாதம் நர்கிஸ் புயல் ஐராவதிக் கழிமுகத்தைத் துடைத்தெறிந்து 1,38,000 பேருக்கு மேல் செத்தும் காணாமலும் போனபோது, அந்நியச் செலாவணிச் சான்றிதழ் என்ற முறையில் மாற்றியதால் சுமார் ஒரு கோடி டாலர் நஷ்டம் என்று ஐநா அதிகாரியே பின்னால் ஒப்புக்கொண்டார்.

அதனால் உண்டியல். இலங்கைத் தமிழர்களுக்கும் வளைகுடாவில் வேலை பார்த்தவர்களுக்கும் இதைச் சொல்லித்தர வேண்டாம்; பர்மாவில் கடை வைத்திருந்த நாட்டுக்கோட்டையார் குடும்பங்களுக்கும்தான். சிங்கப்பூரிலோ தாய்லாந்து எல்லையிலோ ஒருவரிடம் கட்டினால், மாண்டலேயில் அவர் ஆள் சந்தை விகிதத்தில் கொடுப்பார். கையில் நோட்டாக, அல்லது கேபிஇசட் பே என்ற செல்பேசிப் பணக் கணக்கில். இங்கே கெடுவது மூன்று வகை. கிளர்ச்சியாளருக்குப் பணம் போனதாகச் சந்தேகம் வந்தால் செல்பேசிக் கணக்கு முடங்கும், உரியவர் கைதாகவும் கூடும். இணையம் வெட்டப்பட்ட ஊரில் கணக்கில் இருக்கும் பணத்தை எடுக்க வழியில்லை. மூன்றாவது, எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது, ரசீது. நன்கொடை நிறுவனம் மூன்று விலைப்புள்ளி, கடை முத்திரை, வாங்கியவர் கையெழுத்துப் பட்டியல் கேட்கும். கடைக்காரர் பெயர் எழுதிக் கொடுத்தால் அந்தத் தாள் சாவடியில் அவரையே காட்டிக்கொடுக்கும். பயனாளிப் பட்டியல் என்பது போர்ப் பகுதியில் ஆள்பிடிக்கும் பட்டியல். பதிலுக்கு என்ன செய்யலாம் என்பதும் தெரிந்ததுதான்: முகமோ இடக்குறியோ இல்லாத படம், பெயருக்குப் பதில் எண், வேறொரு ஊரில் விசாரித்த விலையோடு ஒப்பீடு, வாங்கியவர்களில் சிலரை மூன்றாம் ஆள் மூலம் வாய்மொழியாகக் கேட்பது. இதை ஏற்றுக்கொள்ளும் தணிக்கையாளர்கள் இருக்கிறார்கள். குறைவு.

இனி ஓட்டுநர். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை நடைமுறைப்படுத்தினார்கள்: ஆண்களில் 18 முதல் 35, பெண்களில் 18 முதல் 27. இளம் தன்னார்வலர் சாவடியில் இறங்கினால் திரும்பி ஏறுவார் என்ற நிச்சயம் இல்லை. எந்தப் பேரிடரிலும் முதலில் மண்வெட்டியோடு ஓடி வருவது அந்த வயதுக்காரர்கள்தான். இங்கே அவர்கள்தான் சாலையில் தென்படக் கூடாதவர்கள். அதனால் நாற்பதைத் தாண்டிய ஓட்டுநர், வயசான பிக்கு, நடுவயதுப் பெண்கள். மடாலயத்தின் பெயரில் போகும் வண்டிக்குச் சாவடியில் கொஞ்சம் மரியாதை உண்டு என்பதால் பல சுமைகள் அப்படித்தான் நகர்ந்தன. அந்த வசதி, ரமலான் வெள்ளித் தொழுகையின்போது இடிந்த பள்ளிவாசல்களைச் சுற்றியிருந்த முஸ்லிம் தெருக்களுக்கு அதே அளவு கிடைத்திருக்காது.

ராணுவத்தின் கையில் கொடுக்கவே கூடாது என்று சொல்லும் நண்பர்களோடு நான் முழுக்க ஒத்துப்போவதில்லை. மாண்டலே பொது மருத்துவமனைக்கு ஜெனரேட்டர், நகரக் குடிநீர்க் குழாய்க்கு உதிரிபாகம், எக்ஸ்ரே கருவி இதெல்லாம் மோட்டார் சைக்கிளில் போகாது. அதற்கு யாங்கூன் வாசல்தான். அந்த வாசலில் கொடுத்ததை அந்த வாசல் போகும் இடத்துக்கு மட்டும் கணக்கு வையுங்கள். அதைச் சகாயிங் கிராமத்துக்கும் சேர்த்து எழுதாதீர்கள் என்பதுதான் என் வாதம். 2025 ஏப்ரல் 4 அன்று, அப்போதைய ராணுவ அரசின் தலைவர் மின் ஆங் லைங், வங்கக் கடலைச் சுற்றிய நாடுகளின் கூட்டமைப்பான பிம்ஸ்டெக்கின் பாங்காக் மாநாட்டில் பிரதமர்களோடு கைகுலுக்கினார். நிலநடுக்கம் அவருக்குத் திறந்துவிட்ட கதவுகளில் அதுவும் ஒன்று. ஒவ்வொரு ஒப்படைப்புப் படமும் ஓர் அங்கீகாரம் என்பது கொடுப்பவர்களுக்குத் தெரியாதது அல்ல. அந்த விலைக்கு என்ன வாங்கினோம் என்று கேட்டு வாங்கியவர்கள் குறைவு. நர்கிஸின்போது ஐநா பொதுச் செயலர் பான் கி-மூன் நேரில் போய் அன்றைய ராணுவ ஆட்சித் தலைவர் ‘தான் ஷ்வே’யிடம் பேசி, ஆசியான் நடுவில் நின்று, ஆசியான்–ஐநா–மியான்மர் முத்தரப்புக் குழு அமைந்த பிறகு விசா கிடைத்தது, படகு போனது. கழிமுகம் முழுக்க அன்று ஒரே ராணுவத்தின் கையில் இருந்தது. ஒரே ஆளிடம் பேசினால் போதும். இன்று அந்த ஏற்பாட்டைத் திரும்ப எழுத வேண்டுமென்றால் மேசையில் குறைந்தது நாலு நாற்காலி கூடுதலாகப் போட வேண்டும். அதைப் போட ஆசியானுக்கு மனம் வரவில்லை.

இருப்பவர்களை வைத்து நடக்கிற வேலைக்கு உரிய கூலியாவது கொடுக்கலாம். பெரிய நிறுவனம் தன் தலைமையகச் செலவுக்கு ஒரு சதவீதம் எடுத்துக்கொள்கிறது. கடைசி நாற்பது கிலோமீட்டரைக் கடக்கும் உள்ளூர்க் குழுவுக்கு வரும்போது ‘பொருளுக்கு மட்டும்தான் பணம்’ என்று ஒப்பந்தம் சுருங்கிவிடுகிறது. மாற்றி ஏற்றும் கூலி, சாவடிச் செலவு, பறிபோகும் மூட்டைக்கான ஒதுக்கீடு, கைதானவருக்கு வழக்கறிஞர், ஓட்டுநர் செத்தால் குடும்பத்துக்கு ஒரு தொகை இவையெல்லாம் முதல் பட்ஜெட்டிலேயே எழுதப்பட வேண்டிய வரிகள். எழுதினால் ஒரு மூட்டை அரிசியின் விலை சந்தை விலையைவிட நன்றாகவே கூடித் தெரியும். சகாயிங் கிராமத்தில் அரிசியின் விலை அதுதான்.